முருகனுக்குப் பின்னால் ஒரு பொலிஸ் ரிப்போர்ட்

“…உள்ளைதான் இருக்கு அக்கா, முருகன்ரை படத்துக்குப் பின்னாலை. ஆனால் எனக்குத் துடக்கு, நான் கால் வைக்கேலாது. நீங்கள்தான் போய் எடுத்துத் தரோணும். மத்தியானம் மீன் சாப்பிட்டனீங்களோ?”

மகேஸ் இதை என்னிடம் கேட்டபோது எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு துவக்கு நின்றது.

துவக்கு தானாக வந்து நிற்குமா? அதைத் தோளில் தொங்கவிட்டபடி ஒரு சார்ஜன்ட். வாசலில் ஒரு கொன்ஸ்டபிள். கொன்ஸ்டபிளின் பிடியில் ஒரு சட்டைக் கொலர். அந்தச் சட்டைக்குள் மகேசின் மகன் குகன், இருபத்திரண்டு வயது. கீழே ஒழுங்கையில் எஞ்சினை நிறுத்தாமல் ஒரு வான்.

போன வெள்ளிக்கிழமை, பின்னேரம் மூன்று மணி. வெள்ளவத்தை. எந்த ஒழுங்கை, எத்தனையாம் மாடி என்று நான் எழுதப் போவதில்லை. நீங்களும் கேட்கமாட்டீர்கள். பெயர்களையும் மாற்றித்தான் எழுதுகிறேன். இந்தக் காலத்தில் ஒரு பத்தியை வாசிப்பவர்கள் எல்லோரும் வாசகர்கள்தான் என்று யார் சொன்னது?

சரி. மீன் சாப்பிட்டேனா?

சாப்பிட்டேன். அங்கேதான் சிக்கல்.

நான் கொட்டாஞ்சேனையில் பிறந்த கத்தோலிக்க வேதக்காரி என்பது உங்களுக்குத் தெரியும். இது தபசு காலம், ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள். வெள்ளிக்கிழமை இறைச்சி தொடமாட்டேன். தொடாமல் என்ன செய்வேன்? மீன் வாங்குவேன். பக்கத்துக் கதவில் மகேஸ். யாழ்ப்பாணத்து ஆள், முருக பக்தை. அவருக்கும் வெள்ளிக்கிழமை விரதம். மீன் கழுவின தண்ணீர் படியில் சிந்தினால்கூட அன்றைக்கு என்னோடு கதைக்கமாட்டார். ஒரே வெள்ளி, ஒரே மாடி, இரண்டு விரதம்… என்னுடைய விரதச் சாப்பாடுதான் அவருக்கு விரதம் குலைக்கிற சாப்பாடு. நாலு வருடமாக இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். அன்றைக்கு ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

மகேசுக்கு ஏன் துடக்கு? அவருடைய கணவர் காலமாகி வெகு காலம். கணவரின் தம்பி யாழ்ப்பாணத்தில் சீனி வருத்தத்தால் இறந்து அன்றைக்கு ஏழாம் நாள். அவர்கள் முறைப்படி முப்பத்தொரு நாள் துடக்கு, சாவுத் தீட்டு. சாமியறைக்குள் போகக்கூடாது, விளக்கு ஏற்றக்கூடாது, படத்தைத் தொடக்கூடாது. மகனுக்கும் அதே சட்டம். சண்டையால் யாழ்ப்பாணப் பாதை பூட்டு. செத்த வீட்டுக்குப் போக வழியில்லை, கப்பலுக்குப் பெயர் கொடுத்தால் எப்போது கிடைக்கும் என்று அந்தக் கப்பலுக்கே தெரியாது. ஆனால் துடக்குக்குப் பாதை வேண்டுமா என்ன? டெலிபோன் வயருக்குள்ளால் வந்து சேர்ந்துவிட்டது.

சாமியறை என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். சமையலறையையும் முன்கூடத்தையும் ஒட்டி, நாலடிக்கு ஐந்தடியில் ஒரு இடம். வீடு கட்டியவர் காஸ் சிலிண்டர் வைக்கவும் அரிசி மூட்டை வைக்கவும் கட்டியிருப்பார். மகேஸ் அதில் முருகனையும் அரிசி மூட்டையையும் சேர்த்து வைத்திருந்தார். கதவு கிடையாது, மஞ்சள் துணித் திரை ஒன்று. துடக்கு வந்த அன்றே திரையை இழுத்து மூடி, நடுவில் ஒரு ஊசியையும் குத்திவிட்டார். அரிசியைக்கூட ஏழு நாளாக என் வீட்டில்தான் கடன் வாங்கினார்.

ஊசி குத்திய அந்தத் திரைக்குப் பின்னால்தான் பொலிஸ் ரிப்போர்ட்.

வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று எழுதி, பொலிஸில் சீல் வைத்துத் தருகிற ஒற்றைத் தாள். அது இல்லாவிட்டால் நீங்கள் இந்த ஊரில் இல்லை. இருந்தும் இல்லை. பாஸ்போர்ட் எடுப்பதற்காகக் குகன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இறங்கிய மூன்றாம் நாளே நானும் மகேசும் அவனைக் கூட்டிக்கொண்டு போய் வரிசையில் நின்று, அவன் பெயரையும் சேர்த்து அதைப் புதிதாக எடுத்தோம். வீட்டுக்கு வந்ததும் மகேஸ் என்ன செய்தார்? கலியாணக் கார்டுக்குச் செய்கிற மாதிரி தாளின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவினார். விளக்குக்குக் காட்டினார். “இனி இது உன்ரை பொறுப்பு” என்று முருகனிடம் சொல்லி, படத்துக்குப் பின்னால் செருகிவிட்டார்.

“ஏம்மா, அலுமாரியில வைக்கலாமே?” என்று கேட்டேன்.

“அலுமாரியைக் கள்ளன் உடைப்பான் அக்கா. முருகனுக்குப் பின்னாலை ஆர் கை வைப்பான்?”

அவர் சொன்னது சரி. ஒருவரும் கை வைக்கவில்லை. தேவைப்பட்டபோது அவராலும் வைக்க முடியவில்லை!

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திவிட்டு உங்களிடம் ஒன்று கேட்கிறேன். புனிதம், புனிதம் என்று ஒரு சொல் இருக்கிறதே… அதை யாராவது வீட்டில், வாயால் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? பிரசங்கத்தில் சுவாமியார் சொல்வார். அரசியல்வாதி சொல்வார்: புனித மண், புனிதக் கடமை, புனிதப் போர். அந்தச் சொல் மேடை ஏறினால் கீழே யாருடைய பிள்ளைக்கோ ஆபத்து என்று நான் ரேடியோவைப் பூட்டிவிடுவேன். வீட்டில் நாங்கள் அப்படிச் சொல்வதில்லை. “அதில கை வைக்காதே” என்போம். “கால் படப் போகுது, பாத்து” என்போம். பிள்ளையின் காலில் புத்தகம் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றச் சொல்வோம். அவ்வளவுதான் எங்கள் அகராதி.

என் அப்பா கொச்சிக்கடையில் துறைமுகக் கிட்டங்கியில் மூட்டை தூக்கியவர். அவர் ஒரு வாசகம் சொல்வார்: “எதைக் குப்பையில போட ஒன் கை கூசுதோ, அதுதான் சாமிச் சாமான்.” குருத்து ஞாயிறன்று மந்திரித்துத் தந்த ஓலையை, காய்ந்து கருவாடாகிப் போனாலும், எங்கள் வீட்டில் கூட்டி அள்ள மாட்டோம். எரித்துச் சாம்பலாக்குவோம். கை கூசும்.

அப்பாவின் அளவுகோலை இப்போது வைத்துப் பாருங்கள். இன்றைக்கு வெள்ளவத்தையில், கொட்டாஞ்சேனையில், எதைக் குப்பையில் போட நம் கை கூசுகிறது?

சீல் குத்திய எந்தத் தாளையும்!

காலம் முடிந்த பழைய ரிப்போர்ட்டையும் அடுக்கி வைத்திருக்கிறார்கள். எங்கள் இரண்டாம் மாடியில் ஒரு ஓய்வு பெற்ற கிளாக்கர், ரிப்போர்ட் கசங்கக் கூடாதென்று லமினேட் பண்ணிவிட்டார். அடுத்த முறை பொலிஸில் “இதில் எங்கே சீல் குத்துவது, உன் நெற்றியிலா?” என்று ஏச்சு வாங்கிக்கொண்டு வந்தார். என் தங்கை கொட்டாஞ்சேனையில் அதை பைபிளுக்குள் வைத்திருக்கிறாள். பைபிளைத் திறக்கிறாளா என்று கேட்காதீர்கள், ரிப்போர்ட் இருக்கிறதா என்று பார்க்க நாளுக்கு இரண்டு முறை திறக்கிறாள். கோயிலுக்குப் போக மறப்போம். ஐசியை, அந்த அடையாள அட்டையை, எடுக்க மறப்போமா?

உண்மையான சாமிகளோ இன்னொரு பக்கம் ஒளித்து விளையாடிக்கொண்டிருக்கின்றன. மட்டக்குளியிலிருந்து வரும் திரீவீலர்க்காரத் தம்பி ஒருவர், கண்ணாடிக்குக் கீழே மூன்று படம் வைத்திருக்கிறார். கொச்சிக்கடைப் பக்கம் அந்தோனியார் முன்னுக்கு. வெள்ளவத்தைக்குள் நுழைந்தால் பிள்ளையார் முன்னுக்கு. செக்பொயின்ற் தெரிந்தால் புத்தர். ஒரு கையால் ஹாண்டில், மறு கையால் சாமி மாற்றம். “கியர் மாத்துற மாதிரிதான் அன்ரி” என்றார்.

பொட்டு? வாசல் வரைக்கும் பொட்டு. வாசல் தாண்டினால் வெறும் நெற்றி. அலுவலகம் போகிற பெண் பிள்ளைகள் கோயிலில் வாங்கிய விபூதியை பஸ் ஹோல்ட்டில் லேஞ்சியால் துடைக்கிறார்கள். சாமி கோபிக்காதா என்று ஒருத்தியிடம் கேட்டேன். “சாமிக்கு எங்கடை நிலைமை தெரியும் அன்ரி, சென்றியிலை நிக்கிறவனுக்குத்தானே தெரியாது” என்றாள்.

இப்படி வளைந்து கொடுக்கிற ஊரில் மகேஸ் மட்டும் ஏன் வளைய மாட்டேன் என்று நின்றார்? மகனின் கழுத்தில் ஒருத்தன் கை இருக்கும்போது, ஒரு திரை என்ன பெரிய திரை?

அதற்கும் ஒரு கதை இருக்கிறது. மகேஸ் அதை என்னிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னார்.

குகனுக்கு மூத்தவன் ஒருவன் இருந்தான். இருக்கிறான் என்றுதான் மகேஸ் சொல்வார். சில வருடங்களுக்கு முன் ஒரு காலை, பஸ்ஸில் வேலைக்குப் போனவனை வழியில் இறக்கினார்கள். யார் இறக்கினார்கள் என்று கேட்க வேண்டாம். இன்னும் வரவில்லை. அது நடந்து நாலு நாள் கழித்து ஊரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பிந்தி வந்த கடிதம். கணவரின் பெரியப்பா இறந்துவிட்டார், இன்ன திகதி. மகேஸ் கணக்குப் பார்த்தார். மகனை இறக்கிய அந்தக் காலையில் வீட்டுக்குத் துடக்கு. அது தெரியாமல் அன்றைக்கும் குளித்து, விளக்கு ஏற்றி, அவன் நெற்றியில் திருநீறு பூசி அனுப்பியிருக்கிறார்.

“தெரியாமச் செஞ்சதுக்கு சாமி தண்டிக்குமா மகேஸ்?” என்று அன்றைக்குக் கேட்டேன்.

“கரண்ட் வயரைத் தெரியாமத் தொட்டாலும் அடிக்கும்தானே அக்கா” என்றார்.



இப்போது விளங்குகிறதா? உள்ளே போகாவிட்டால் குகன் வானில் ஏறுவான். உள்ளே போனால், முருகனின் பொறுப்பில் விட்ட பிள்ளையை முருகனே கைவிடுவான். மகேசின் கணக்கில் இரண்டு பக்கமும் அதே பிள்ளைதான்.

மறுபடி வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு வாருங்கள்.

கீழ்மாடி லொட்ஜில் இருந்து இரண்டு பெடியன்களை ஏற்கெனவே வானில் ஏற்றியிருந்தார்கள். மேலே ஏறி வந்த சார்ஜன்ட் குகனின் ஐசியைப் பார்த்தார். யாழ்ப்பாண விலாசம். “கோ ரிப்போட் எக்க?” ரிப்போர்ட் எங்கே? குகன் பொக்கற்றிலிருந்து போட்டோக் கொப்பியை எடுத்து நீட்டினான். சார்ஜன்ட் அதைப் பார்க்கவுமில்லை. ஒரிஜினல் வேண்டும். இல்லாவிட்டால் ஸ்டேஷனுக்கு வரட்டும், சும்மா ஒரு விசாரணை.

சும்மா! இந்த ஊரில் அந்தச் சும்மாவின் நீளம் எவ்வளவு என்று அளந்தவர் யார்?

அந்த மாடியில் சிங்களம் வாயில் வருவது எனக்கு மட்டும்தான். அதுவும் கொட்டாஞ்சேனைக் குழாயடியில் படித்த சிங்களம். மீன் பேரம் பேசலாம், சண்டை பிடிக்கலாம், பஸ்ஸில் மிச்சக் காசு கேட்கலாம். செக்கிங் வந்தால் அதனால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். சாப்பிட்ட சட்டியைக் கழுவிக்கொண்டிருந்த நான் அப்படியே ஓடி வந்திருந்தேன். மீன் சாப்பிட்டேனா என்று மகேஸ் கேட்டதும் கையை மணந்து பார்த்தேன். பாரை மீன். பொய் சொன்னால் மூக்கே சாட்சி சொல்லும்.

“மகேஸ், ஆபத்துக்குப் பாவமில்ல. நீங்களே போய் எடுங்க.”

“ஆபத்தே அதாலைதான் வரும் அக்கா. ஒருக்கா வந்தது போதாதோ?”

வாசலில் இருந்து குகன் கத்தினான். “அம்மா, போய் எடுங்கோவன்! என்னைக் கொண்டுபோகப் போறாங்கள்!”

“வாயை மூடடா. உனக்காகத்தான்ரா நிக்கிறன்.”

“எனக்காகவெண்டால் உள்ளை போங்கோ!”

“நான் போறேன்” என்றேன். “மீன் சாப்பிட்டேன்தான். கையக் கழுவிட்டுப் போறேன். உங்க முருகன்கிட்ட நான் பேசிக்கிறேன், கோவம் வந்தா என்மேல வரட்டும்.”

மகேஸ் என் முகத்தைப் பார்த்தார். நான் சமையலறைக் குழாய்ப் பக்கம் ஓர் அடி வைத்தேன்.

“ஏய்! கொஹேத யன்னே?” எங்கே போகிறாய்? சார்ஜன்டின் சத்தத்தில் என் கால் அந்தரத்தில் நின்றது. ஒருவரும் அசையக் கூடாது.

அப்போதுதான் அவர் அந்தத் திரையைப் பார்த்தார்.

அவர் கண்ணால் ஒரு தரம் பாருங்கள். ஒரு வீடு. அதில் ஒரு அறை. அந்த அறைக்குத் திரை, திரைக்கு ஊசி. பேப்பர் உள்ளே இருக்கிறதாம். எடு என்றால் ஒருவரும் போகிறார்களில்லை. இரண்டு பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். பையன் கத்துகிறான். ஒருத்தி நைசாக வேறு பக்கம் நழுவப் பார்க்கிறாள். நான் சார்ஜன்டாக இருந்தால் என்ன நினைப்பேன்? இதைத்தான் நினைப்பேன்.

“கவுத எத்துலே?” என்றார். உள்ளே யார்?

நான் உண்மையைச் சொன்னேன். “தெய்யோ மாத்தயா.” கடவுள், ஐயா.

அவர் முகம் இறுகிவிட்டது. பகிடி பண்ணுகிறேன் என்று நினைத்துவிட்டார். கடவுள் உள்ளே இருக்கிறார் என்று நாம் ஞாயிற்றுக்கிழமை தோறும் பாடுகிறோம், ஒருவரும் கோபிப்பதில்லை. துவக்கோடு நிற்கிறவரிடம் சொல்லிப் பாருங்கள்.

“அப்படியானால் ஏன் ஒருவரும் போகிறீர்களில்லை?”

துடக்குக்குச் சிங்களத்தில் என்ன? அவர்களிடமும் அந்த வழக்கம் உண்டு, சொல்லும் உண்டு என்று பிறகு ஒருவர் சொன்னார். அந்த நேரம் எனக்குத் தெரியவில்லை. மீன் விலைக்குப் போதுமான சிங்களம் சாமிக்குப் போதவில்லை. தேடிப் பிடித்து ஒரு சொல்லை எடுத்தேன். “மளகெதர.” செத்த வீடு.

“மினிய கோ?” சவம் எங்கே?

நியாயமான கேள்வி. செத்த வீடென்றால் சவம் எங்கே? அவருடைய கண் மறுபடி அந்தத் திரைக்குப் போனது. ஐயோ, உள்ளே சவம் இருக்கிறதென்று நினைக்கிறாரோ என்று எனக்குப் பதறியது. பதற்றத்தில் வாய் முந்திவிட்டது.

“யாபனே மாத்தயா.” யாழ்ப்பாணத்தில்.

அந்தச் சொல்லை நான் விழுங்கியிருக்கலாம். கணவரின் தம்பி என்று சொல்லியிருக்கலாம், சீனி வருத்தம் என்று சொல்லியிருக்கலாம், எழுபது வயது என்று சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் அந்த ஒரு சொல்தான் வந்தது. துவக்கு தோளிலிருந்து கைக்கு இறங்கியது. வாசலில் கொன்ஸ்டபிள் கொலரை முறுக்க, குகனின் சட்டைப் பட்டன் ஒன்று தெறித்து என் காலடியில் உருண்டது. கீழே வான்காரன் ஹோர்ன் அடித்தான். எனக்கு வாய்க்குள் ‘அருள் நிறைந்த மரியே’ தொடங்கியது, பாதி வழியில் அடுத்த சொல் மறந்துபோனது. ஐம்பது வருடமாகச் சொன்ன செபம்!

சார்ஜன்ட் திரைக்கு முன்னால் போய் நின்றார். துவக்கின் முனையால் திரையின் கீழ் ஓரத்தை மெல்லத் தூக்கினார். கறுப்புச் சப்பாத்தின் நுனி வாசற்படியைத் தொட்டது.

“பொறுங்கோ” என்றார் மகேஸ்.

தமிழில்தான் சொன்னார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. சார்ஜன்ட் திரும்பிப் பார்த்தார். மகேஸ் நடந்து போய் அவருக்கும் திரைக்கும் நடுவில் நின்றார். துவக்கின் முனை அவர் சேலை மடிப்பில் முட்டிக்கொண்டிருந்தது.

“அக்கா, இவரிட்டைச் சொல்லுங்கோ. உள்ளை இருக்கிற எல்லாத்தையும் நானே எடுத்துக் காட்டுறன். இவர் இங்கையே நிண்டு பாக்கட்டும்.”

நான் சொன்னேன். எந்தச் சிங்களத்தில் சொன்னேனோ, எனக்கே தெரியாது. சார்ஜன்ட் ஓர் அடி பின்னால் வைத்தார். துவக்கின் விசையில் வைத்த விரல் மட்டும் அங்கேயே இருந்தது.

மகேஸ் ஊசியைக் கழற்றி உதட்டுக்குள் வைத்துக்கொண்டார். திரையை முழுவதும் இழுத்துத் தள்ளினார். உள்ளே கால் வைத்தார். எந்தக் கால் என்று நான் பார்க்கவில்லை என்று எழுதலாம். பொய் எழுதுவானேன், பார்த்தேன். வலது கால்.

முதலில் பிள்ளையார். பிறகு அம்மன். பிறகு கலண்டரில் வெட்டி ஒட்டின லட்சுமி. ஒவ்வொரு படமாகச் சுவரில் இருந்து இறக்கி, நித்திரையான பிள்ளையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் தூக்கி வந்து முன்கூடத்துத் தரையில் வைத்தார். விளக்கை எடுத்து வைத்தார். அரிசி மூட்டையின் வாயை அவிழ்த்து, முழங்கை வரைக்கும் கையை விட்டுக் கிளறிக் காட்டினார். கடைசியில் முருகனைத் தவிர உள்ளே ஒன்றுமில்லை. புகைக்கறுப்புப் பிடித்த சுவர். படங்கள் இருந்த இடத்தில் மட்டும் சதுரம் சதுரமாக வெள்ளை.

மிச்சம் முருகன். படத்தைத் திருப்பி, பின்னால் செருகியிருந்த தாளை இழுத்து நீட்டினார். உதட்டில் ஊசி அப்படியே இருந்தது.

சார்ஜன்ட் வாசித்தார். பெயரைப் பார்த்தார், ஐசியைப் பார்த்தார், குகனைப் பார்த்தார். சீலைப் பெருவிரலால் தடவிப் பார்த்தார். பிறகு தாளின் மூலையைச் சுட்டி என்னிடம் கேட்டார், “மே கஹ மொகத?” இந்த மஞ்சள் என்ன?

“பிள்ளைக்கு ஒன்றும் நடக்காமல் இருக்க, மாத்தயா.”

அவர் பைலில் எதையோ எழுதினார். தாளை மடித்து மகேசின் கையில் கொடுத்தார். கொன்ஸ்டபிளைப் பார்த்துத் தலையை அசைத்தார். கொலர் விடுபட்டது.

“ஹரி.” சரி.

போகும்போது ஒன்று நடந்தது. கூடம் ஒடுக்கம், தரை முழுக்கச் சாமி. சார்ஜன்ட் பக்கவாட்டாகத் திரும்பி, முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, படங்களில் சப்பாத்துப் படாமல் நடந்து போனார். பக்தியா? கண்ணாடி உடைந்து காலை வெட்டும் என்ற பயமா? ஓடிப்போய்க் கேட்கவா முடியும்?

வான் போகும் சத்தம் கேட்டது. அந்த இரண்டு லொட்ஜ் பெடியன்களும் அதில்தான். அவர்கள் பெயர்கூட எனக்குத் தெரியாது. அவர்களுடைய ரிப்போர்ட் எந்தச் சாமிக்குப் பின்னால் இருந்ததோ! இதை எழுதுகிற இன்று வரை அவர்களுடைய லொட்ஜ் அறை பூட்டித்தான் கிடக்கிறது.

குகன் தரையில் குந்திவிட்டான். மகேஸ் இனி விழுந்து அழுவார் என்று நினைத்தேன். தலையில் தண்ணீர் வார்ப்பார், பரிகாரம் கேட்டு ஐயருக்கு ஆள் அனுப்புவார், இந்தப் பாவத்துக்கு இன்னொரு பிள்ளையும் போகப் போகிறது என்று நெஞ்சில் அடித்துக்கொள்வார்… ஆறுதல் வசனங்களை எல்லாம் நாக்கில் வரிசைப்படுத்தி வைத்துக்கொண்டு நின்றேன்.

“முருகன் மன்னிப்பார் மகேஸ்” என்று தொடங்கினேன்.

“மன்னிக்கிறதை அவர் பாக்கட்டும் அக்கா” என்றார். “எனக்கு இப்ப ஒரு வேலை இருக்கு.”

ஊசியை வாயிலிருந்து எடுத்துச் சேலையில் குத்தினார். சமையலறைக்குப் போய்க் கத்தியோடு வந்தார். முருகன் படத்தைக் குப்புறக் கவிழ்த்து, சட்டத்தின் பின்பக்கத்துச் சின்ன ஆணிகளை ஒவ்வொன்றாக நெம்பினார். பின்தகட்டைக் கழற்றினார். ரிப்போர்ட்டை நீவி, எழுத்துத் தெரிகிற பக்கம் கண்ணாடியோடு ஒட்டும்படி முன்னால் வைத்தார். முருகனை அதற்குப் பின்னால் வைத்தார். தகட்டை மூடி, ஆணிகளைக் கத்திப் பிடியால் தட்டி மடக்கினார். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தார். முன்கதவுக்குப் பக்கத்தில் தொங்கிய கலண்டரைக் கழற்றிக் கீழே போட்டார்.

“குகன், எழும்பி இதிலை வந்து நில். அந்தாள் உன்னிலும் உயரமோ?”

குகன் சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்பி நின்றான். “கொஞ்சம் உயரம் அம்மா.”

பழைய ஆணியைப் பிடுங்கி, நாலு விரல் மேலே வைத்து அம்மிக் குழவியால் அடித்து, மகேஸ் அந்தப் படத்தை ஒரு பொலிஸ்காரரின் கண் உயரத்துக்கு மாட்டினார்.